ஜாவா கம்பைலரும் மூணு படியும்

ஒரே தெருவில் ரெண்டு முருகன் இருந்தா, 'கடைக்கார முருகன்', 'வாத்தியார் முருகன்'னு அடைமொழி வெச்சு சமாளிச்சிடுவோம். ஜாவாவில் ஒரே பேரில் நாலு மெத்தட் இருந்தா கம்பைலர் என்ன பண்ணும்? காலேஜில் 'ஓவர்லோடிங்'னு ஒரு பக்கத்தில் முடிச்சிடுவாங்க. ஆனா அந்த விதிக்குப் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்குங்க.

முதலில் சி++. அதோட ஆரம்ப காலத்தில், எந்த ஃபங்ஷன் முதலில் எழுதப்பட்டிருக்குங்கறதைப் பொறுத்துகூட தேர்வு மாறும். ரெண்டு வரியை இடம் மாத்தினா புரோகிராமே வேற வேலை செய்யலாம்! 1989-ல் வந்த 2.0 பதிப்பில் ஸ்ட்ரௌஸ்ட்ரப் இதைத் தூக்கினார். 1996-ல் கோஸ்லிங், பில் ஜாய், கை ஸ்டீல் மூணு பேரும் எழுதின ஜாவா விதிப் புத்தகத்திலும் வரிசைக்கு மரியாதை இல்லை. பொருந்தற மெத்தட்களைப் பொறுக்கு. அதில் எது மிகக் குறிப்பானதோ அதை எடு. அவ்வளவுதான்.

ஆப்ஜெக்ட், ஸ்ட்ரிங் ரெண்டும் பொருந்தினா ஸ்ட்ரிங்தான் ஜெயிக்கும். எல்லா ஸ்ட்ரிங்கும் ஆப்ஜெக்ட்தான், எல்லா ஆப்ஜெக்ட்டும் ஸ்ட்ரிங் இல்லையே. ஸ்ட்ரிங் வாங்கற ஒண்ணு, ஸ்ட்ரிங்பஃபர் வாங்கற ஒண்ணு, நீங்க வெறும் 'நல்' அனுப்பறீங்க... இப்போ? ரெண்டுக்கும் உறவு கிடையாது. கம்பைலர் எர்ரர் கொடுத்து கையை விரிச்சிடும். இருட்டில் ஏதோ ஒண்ணைக் கூப்பிடறதைவிட இது எவ்வளவோ மேல். காஸ்ட் போட்டுச் சொன்னா கேட்டுக்கும்.

எட்டு வருஷம் இப்படியே ஓடுச்சு. 2004 செப்டம்பரில் ஜாவா 5 வந்தது. இண்ட்டை இண்டிஜர் ஆப்ஜெக்ட்டா தானே மாத்தற ஆட்டோபாக்சிங், எத்தனை ஆர்க்யுமென்ட் வேணா அனுப்பற வசதின்னு ஏகப்பட்ட புதுசு. இங்கேதான் சிக்கல். 'காட்டு'ன்னு ஒரு மெத்தட், ஒண்ணு லாங் வாங்குது, இன்னொண்ணு ஆப்ஜெக்ட் வாங்குது. காட்டு(5)ன்னு கூப்பிட்டா பழைய ஜாவாவில் லாங் மட்டும்தான் பொருந்தும். புது வசதியால இப்போ ஆப்ஜெக்ட்டும் பொருந்தும்! பழைய விதியை அப்படியே விட்டா, நேத்துவரைக்கும் ஓடின கோடு இன்னைக்கு கம்பைல் ஆகாது. உலகம் பூரா பேங்க்லயும் ஆபீஸ்லயும் ஓடிட்டிருந்த கோடு சாமி!

அதனால மூணு படி வெச்சாங்க. முதல் படியில் பாக்சிங்கும் கிடையாது, புது ஆர்க்யுமென்ட் வசதியும் கிடையாது. 1996-ல இருந்த மாதிரியே தேடும். ஒண்ணுமே கிடைக்கலைன்னாதான் ரெண்டாம் படி, பாக்சிங்கோட. அதுவும் இல்லைன்னாதான் மூணாம் படி. பழைய கோடு முதல் படியிலேயே முடிஞ்சிடும், புதுசு இருக்கறதே அதுக்குத் தெரியாது.

இதுக்கு விலையும் உண்டு. இண்டிஜர் லிஸ்ட்டில் ரிமூவ்(3)ன்னு எழுதினா 3-ங்கற எண் போகாது, மூணாம் இன்டெக்ஸில் இருக்கறது போயிடும். அதையே செட்டில் எழுதினா எண்தான் போகும். பார்க்க கோணங்கித்தனமா இருக்கும். ஆனா லிஸ்ட் வந்தது 1998-ல், ஜாவா 1.2-ல். அப்போ ரிமூவ்(3)க்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தைத்தான் கம்பைலர் இன்னமும் காப்பாத்திட்டிருக்கு.

2014-ல் ஜாவா 8-ல் லாம்டா வந்ததும் விதி இன்னும் பெருத்துப் போச்சு. லாம்டாவுக்குத் தனியா டைப் இல்லையே, எதை வெச்சு ஒப்பிடறது? கடைசியில் லைப்ரரி எழுதினவங்களே 'கம்பேரிங்', 'கம்பேரிங்இண்ட்', 'கம்பேரிங்லாங்'னு தனித்தனிப் பேர் வெச்சுட்டாங்க.

நம்ம தெருக்காரங்க செஞ்சதும் அதுதானே! அடுத்த தடவை ஒரே பேரில் மூணாவது மெத்தட் எழுதப் போறப்போ, ஒரு அடைமொழி சேர்த்துடுங்க. நாளைக்கு அதைப் படிக்கப் போறவன் கும்பிடுவான்.