தண்ணீர் வாரியத்தைக் கேள்வி கேட்பது யாரு? கலிஃபோர்னியாவின் 'சிவில் கிராண்ட் ஜூரி': முழு விவரம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் குடிநீர், தீயணைப்பு, கொசு ஒழிப்பு, ஏன் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட தனி வாரியம் இருக்கு. 'ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட்' எனப்படும் இவை வரியும் கட்டணமும் வசூலிக்கும் உள்ளாட்சி அமைப்புகள். ஆனா, இதை நடத்துவது யாருன்னே பலருக்குத் தெரியாது. அப்போ கணக்கு கேட்பது யாரு?

கிராண்ட் ஜூரி என்றால் என்ன?
கவுன்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. 58 கவுன்டிகளிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிராண்ட் ஜூரி கூட்டப்பட வேண்டும் என்கிறது மாநில அரசியல் சட்டம்.

உறுப்பினர்கள் யார்?
சாதாரண குடிமக்கள்தான். பெரும்பாலான கவுன்டிகளில் 19 பேர். லாஸ் ஏஞ்சல்ஸில் 23 பேர். 18 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனா, அந்தக் கவுன்டியில் ஓராண்டு வசித்தவரா இருக்கணும்.

என்ன செய்யலாம்?
கவுன்டி நிர்வாகம், நகராட்சி, ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட் ஆகியவற்றின் ஆவணங்களைப் பார்க்கலாம், அதிகாரிகளை விசாரிக்கலாம். பொதுமக்களும் புகார் அனுப்பலாம். விசாரணை ரகசியம், அறிக்கை பகிரங்கம்.

சிக்கல் எங்கே?
பரிந்துரையைச் செஞ்சே ஆகணும்னு கட்டாயப்படுத்த முடியாது. ஆனா, வாரியம் 90 நாளில் எழுத்துப்பூர்வமா பதில் தரணும். செஞ்சாச்சா, எப்போ செய்வோம், இன்னும் ஆராயணுமா, முடியாதுன்னா ஏன் என்று ஒவ்வொரு பரிந்துரைக்கும் சொல்லணும்.

அதனால அங்கே வசிப்பவர்கள் அறிக்கையோடு நிறுத்தாமல், வாரியத்தின் பதிலையும் படிக்கணும். 'முடியாது' என எழுதியவர்களை மாற்றும் அதிகாரம் ஜூரிக்கு இல்லை. தேர்தல் நடக்கும் வாரியங்களில் அது வாக்காளர் கையில் இருக்கு.