ரேஸ் புக்கின் பொடி எழுத்து

கிண்டிப் பந்தயம் என்றதும் வீடு வாசல் விற்றவர்களின் கதைதான் முதலில் வரும். அந்தக் கதைகள் உண்மை. ஆனால் அங்கே உட்கார்ந்து படித்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கிண்டியில் 1777 முதல் குதிரைகள் ஓடின. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவானது. சைதாப்பேட்டையில் இருந்த என் பெரியப்பா ரேஸ் புக்கில் குதிரையின் பெயரைக் கடைசியாகத்தான் பார்ப்பார். முதலில் டிரெயினர், அடுத்து ஜாக்கி, பிறகு வெயிட். "பேர் வாங்கின ஜாக்கி சின்ன லாயத்துக் குதிரைமேல சும்மா ஏறமாட்டான்டா" என்பார். ஜாக்கியின் மொத்த வெற்றிக் கணக்கை அவர் நம்பியதில்லை. முன்னணி ஜாக்கிக்கு நல்ல குதிரைகளே வந்து சேரும். அந்த எண்ணிக்கையில் பாதி குதிரையுடையது. இந்த டிரெயினருக்காக இந்த ஜாக்கி ஓட்டியபோது என்ன நடந்தது என்பதையே பென்சிலால் ஓரத்தில் குறித்து வைப்பார்.

அவர் தேடியது யாரும் சீண்டாத குதிரைகளை. ஒன்றுக்கு இருபது கிடைக்கும் குதிரை 21 முறைக்கு ஒருமுறையாவது ஜெயித்தால்தான் போட்ட பணம் திரும்பும். பெரும்பாலானவை அந்த அளவுக்குக்கூட ஜெயிப்பதில்லை. அமெரிக்கப் பந்தயங்களை ஆராய்ந்து கிரிஃபித் என்ற உளவியலாளர் 1949இல் இதை எழுதினார்: வாய்ப்புக் குறைந்த குதிரைமேல் கூட்டம் தகுதிக்கு மீறிப் பணம் கட்டுகிறது. ஆசைக்கு எதிராகப் பெரியப்பாவிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தப் பென்சில் குறிப்புதான். பல வாரம் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் வீடு திரும்புவார். அவரிடம் நான் மிகவும் மதித்தது அதைத்தான்.

1974இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தையும் அதில் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. குடும்பங்கள் அழிகின்றன என்ற கவலை நியாயமானது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் இயற்றியது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கிளப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் திறமை மேலோங்கிய விளையாட்டு என்றும், சமவேகமுள்ள இரு குதிரைகளில் தேர்ந்த ஜாக்கி ஓட்டுவதே முந்தும் என்றும் நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். பெரியப்பா போன்றவர்கள் படித்த பொடி எழுத்துக்குச் சட்டத்தில் மதிப்புக் கிடைத்தது அன்றுதான். ஆனால் படிக்காமல் கட்டியவரையும் அதே தீர்ப்புத்தான் காத்தது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

1945இல் ஆண்டுக்குச் சுமார் 614 ரூபாய் வாடகையில் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த 160 ஏக்கர் கிண்டித் திடலை, 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்தது. நிலம் ஊருக்குப் பயன்படட்டும். பழைய ரேஸ் புக்குகளை மட்டும், ஓரத்துப் பென்சில் குறிப்புகளோடு, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவைக்க வேண்டும்.