கழுகுமலைக் கல்லேடு

சாத்தூர் என்றால் காராச்சேவும் பேனா நிப்பும் நினைவுக்கு வரும். சிவகாசி என்றால் பட்டாசு. இக்கரிசல் மண்ணுக்குக் கலை தேடி வருவோர் அரியர். ஆயினும், சாத்தூரிலிருந்து தெற்கே கோவில்பட்டியை அடைந்து, மேற்கே திரும்பிக் கழுகுமலை ஏறுவோர் வியந்து நிற்பர்.

8-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து சமைத்த வெட்டுவான் கோயில் அங்குளது. சிகரம் முற்றுப்பெற்றது, அடித்தளம் முற்றுப்பெறவில்லை. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை அதன் விமானத்தில் காணலாம்.

எனினும், நம் உள்ளத்தை நெகிழ்விப்பது அருகிலுள்ள பாறைச் சரிவே. அங்கே சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழ் வட்டெழுத்தில் சிறு சிறு கல்வெட்டுகள். செய்வித்தோர் யாவர்? பெரும்பாலும் மன்னர் அல்லர். குயவர், தச்சர், கொல்லர், சமணப் பெண் ஆசிரியர்களாகிய குரத்தியர் எனப் பல ஊர்களினின்றும் வந்த எளியோரே!

வேந்தர் புகழைச் செப்பேடுகள் சுமந்தன. குடிமக்களின் பெயர்களை இப்பாறை சுமக்கின்றது. உழைத்து ஈட்டிய சிறு பொருளைக் கொடுத்து, ஊரார் அனைவரும் காணும்படி வெட்டவெளியில் அவர்கள் விட்டுச் சென்ற செல்வம் இது.

அவர்தம் சமயத்தார் இன்று இவ்வட்டாரத்தில் அருகிவிட்டனர். ஆதலின் இதனைக் காக்கும் கடமை, எச்சமயத்தவராயினும், நம் அனைவரையும் சாரும். 1,200 ஆண்டுகள் நிலைத்த ஒரு குயவரின் பெயர்மீது தன் பெயரை ஆணியால் கீறுபவன், கல்லை மட்டுமன்று, தன் பாட்டனின் நினைவையும் அழிக்கின்றான்.