ரப்பர்ப் பாலும் நூலும்

ரப்பரின் வரலாற்றை உரைப்போர் விதை கொணர்ந்தவரையும் நிலம் திருத்தியவரையும் விரித்துக் கூறுவர். பாலைக் கெடாது காத்து, உரிய வேளையில் உறையவைத்த தொழிலாளரின் அறிவுக்கு அவ்வரலாற்றில் போதிய இடம் இல்லை. அவ்வறிவின் தகுதியை உணர ரப்பர் நூல் பிறந்த முறையை நோக்குதல் வேண்டும்.

கோல சிலாங்கூரிலும், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் பால்மரத் தோட்டங்கள் பரந்திருந்தன. பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பராம். அதன் நுண்துளிகள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டமையால் ஒன்றையொன்று விலக்கி நிற்கும். புளிப்பு சேரின் அவ்விலக்கம் நீங்கித் துளிகள் ஒட்டிக்கொள்ளும். அழுக்கான மங்கில் நுண்ணுயிர்களே புளிப்பை உண்டாக்க, பால் ஸ்டோரை அடையுமுன்னரே கட்டிவிடும். கட்டிய பாலுக்குக் கிடைத்த விலையோ குறைவு. ஆதலின் மங்கைத் தூய்மையாக வைப்பதும், வேண்டிய விடத்து அம்மோனியா சேர்ப்பதும் தொழிலின் இன்றியமையாத பகுதிகளாயின. ஸ்டோர்த் தொட்டியில் பாலோடு நீர் கலந்த பின்னரே அமிலம் ஊற்றுவர். அமிலத்தால் உறையவைக்கும் முறையை ஜான் பார்க்கின் என்பார் 1899-ஆம் ஆண்டையொட்டி இலங்கைப் பேராதனையில் ஆராய்ந்தார்.

இனி நூலுக்கு வருவோம். 1820-இல் தாமஸ் ஹான்காக் இலண்டனில் ரப்பரைக் கீற்றாக வெட்டி ஆடைகளுக்குப் பயன்படுத்த உரிமம் பெற்றார். பாலிலிருந்தே நேராக நூலிழுக்கும் முறை பின்னர் வந்தது. அம்முறையில் பிறந்த நூலின்மேல் பருத்தி சுற்றிய லாஸ்டெக்ஸ் என்னும் இழை 1931-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

அக்கருவியின் நுட்பம் யாது? பாலையும் அமிலத்தையும் முன்கூட்டியே கலந்தால் குழாயின் உள்ளேயே உறைந்து வாய் அடைபடும். எனவே இரண்டும் பிரிந்தே இருத்தல் வேண்டும். கந்தகம் முதலியன சேர்த்த பால், மெல்லிய கண்ணாடிக் குழாய்களின் வழியே நீர்த்த அசெட்டிக் அமிலத் தொட்டியினுள் பாயும். வாயை விட்டு வெளிப்பட்ட அக்கணமே மேற்புறம் உறைந்து இழையாகும். அவ்விழையைக் கழுவி, உலர்த்தி, வெப்பமூட்டி உறுதியாக்குவர். குழாயின் துளை, பால் பாயும் வேகம், இழையை இழுக்கும் வேகம் ஆகிய மூன்றுமே நூலின் பருமனை வரையறுக்கும். இந்நூல் மலேசியாவின் பெரும் ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்றாயிற்று. 1992-இல் அமெரிக்கா அதன்மீது தனி வரி விதிக்கும் அளவிற்கு அது வளர்ந்தது.

இரு நீர்மங்களையும் உரிய கணம் வரை பிரித்து வைப்பதே இக்கருவியின் அடிப்படை. அதனையே தோட்டத் தொழிலாளர் மங்கையும் வாளியையும் கொண்டு நாள்தோறும் செய்துவந்தனர். வெட்டுக்கோட்டில் காய்ந்து நாடாவாய் உரிவது ஒட்டுப்பால். மங்கில் உறைந்தது கட்டிப்பால். உறைதலின் வேறுபாடுகளை இவ்வாறு பெயரிட்டு வகுத்தது தமிழ்த் தொழிலறிவே யாகும்.

பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பால்வெட்டிய முதியோர் வாயிலாக இச்சொற்களைத் தொகுத்து மாணவர்க்கு வழங்குவது தமிழாசிரியர் கடன். சொல் மறையின் அதனைப் பயின்ற கையின் அறிவும் உடன் மறையுமன்றோ?