மின்பதிப்பில் உள்ளடக்க அமைப்பும் பகுப்பும்

ஒரு கட்டுரையை ஒரே நீள உரையாக வைக்காமல் பெயர், வகை, இடம், காலம், ஆள் எனத் தனித்தனிப் புலங்களாகப் பிரித்துச் சேமிக்கும் முறை உள்ளடக்க அமைப்பு எனப்படும். அப்படிச் சேமித்த பதிவுகளை எந்தெந்தத் தலைப்பின் கீழ் கொண்டுவருவது என்ற ஏற்பாடு பகுப்பு. கலைக்களஞ்சியம், செய்தித்தளம், மின்னூலகம் எதுவானாலும் இந்த இரண்டும் சரியாக அமையாவிட்டால், இருக்கும் தகவலே தேடுபவர் கைக்கு வராது.

தமிழில் பொருள்வாரிப் பகுப்புக்கு நீண்ட மரபு உண்டு. திவாகர நிகண்டு தெய்வப் பெயரில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம் என்று 12 தொகுதிகளாகச் செல்கிறது. அதன் பதினோராம் தொகுதி ஒருசொல் பல்பொருளுக்கு உரியது. ஒரே பெயருள்ள பல பொருள்களைப் பிரித்துக்காட்ட விக்கிப்பீடியாவில் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ செய்யும் வேலைக்கு நிகண்டுக்காரர் அன்றே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார். பின்னர் வந்த அபிதான சிந்தாமணியும் (1910), பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியமும் (1954–1968) அகரவரிசையைக் கைக்கொண்டன. அச்சுநூலில் ஒரு கட்டுரைக்கு ஓரிடம்தான் கிடைக்கும். மின்பதிப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் ஓரிடம்தான் என்ற பழக்கம் பல தளங்களை இன்னும் விடவில்லை.

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்திலுள்ள மல்லாங்கிணறு பேரூராட்சியை எடுத்துக்கொண்டால் இதன் சிக்கல் புரியும். மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் என்று ஒரே கிளைவரிசை போட்டால் ஊர் ஒழுங்காக அடங்கிவிடுகிறது. தேர்தல் என்று வந்ததும் வரிசை குலைகிறது. ஊர் திருச்சுழி சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. திருச்சுழியோ இராமநாதபுரம் மக்களவைத் தொகுதிக்கு உட்பட்டது. மாவட்டம் ஒன்று, மக்களவைத் தொகுதி வேறொன்று. திருச்சுழித் தொகுதியே 2008 மறுசீரமைப்பில் பிறந்து 2011இல் முதல் தேர்தலைக் கண்டது. ஆகவே வருவாய் நிர்வாகத்தையும் தேர்தல் எல்லையையும் இரு தனி வரிசைகளாக வைத்து, ஊரை இரண்டிலும் இணைப்பதே சரி.

காலம் இன்னொரு சிக்கல். இந்தப் பகுதி 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து காமராஜர் மாவட்டம் ஆனது; 1997இல் விருதுநகர் என்று பெயர் மாறியது. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் 1962இல் மல்லாங்கிணற்றில் பிறந்தவர். அவர் பிறந்தபோது விருதுநகர் மாவட்டமே கிடையாது. ‘பிறந்த இடம்’ என்ற புலத்தில் மாவட்டப் பெயரையும் சேர்த்துத் தட்டச்சு செய்தால் அது பிழையாகும், அல்லது ஒவ்வொரு பெயர்மாற்றத்துக்கும் கைவைத்துத் திருத்த வேண்டிவரும். புலத்தில் ஊரின் பதிவுக்கான இணைப்பு மட்டும் இருக்க வேண்டும். எந்த ஆண்டில் எந்த மாவட்டம் என்பதை ஊர்ப்பதிவு சொல்லும். அவர் 2019, 2024 தேர்தல்களில் தென்சென்னையில் வென்றவர் என்பதால், அந்தத் தொகுதியோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. இரண்டையும் ‘தொடர்புடைய ஊர்கள்’ என்று ஒரே பெட்டியில் போட்டால் கணினிக்குப் பிறந்த ஊரும் வென்ற தொகுதியும் ஒன்றாகிவிடும். இணைப்பு எத்தகையது என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

மக்கள்தொகைப் புலத்துக்கும் காலக்குறிப்பு வேண்டும். எண்ணை மட்டும் எழுதி 2001 கணக்கா 2011 கணக்கா என்று குறிக்காத பதிவால் பயனில்லை.

ஊர்ப்பெயரிலும் சிக்கல் உண்டு. மல்லாங்கிணறு, மல்லாங்கிணர் என்று இரு வடிவமும் புழங்குகின்றன; திருச்சுழிக்குத் தேவாரப் பெயர் திருச்சுழியல். ஒன்றைத் தலைப்பாக்கி மற்றதை வழிமாற்றாக வைப்பது தமிழ் விக்கிப்பீடியா (தொடக்கம் 2003) பின்பற்றும் வழக்கம். 2012இல் வந்த விக்கித்தரவு ஒருபடி மேலே போய் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணே அடையாளம் என்று வைத்து, தமிழ், ஆங்கிலப் பெயர்களை அதற்கு மேல் ஒட்டுகிறது.

எந்த நிர்வாக வரிசையிலும் சேராத பகுப்புகளும் உண்டு. கரிசல் மண் விருதுநகர், தூத்துக்குடி மாவட்ட எல்லைகளைப் பார்த்துப் பரவவில்லை. கரிசல் இலக்கியம், மானாவாரிப் பயிர் என்ற தலைப்புகளை மாவட்டத்தின் கீழ் வைத்தால் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் இடைசெவலும் அருப்புக்கோட்டை வட்டாரமும் பிரிந்து போகும். இதற்கு வழி சொன்னவர் சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன். 1933இல் வெளியான அவரது கோலன் பகுப்புமுறை, பின்னர் விரிவடைந்து, ஒரு நூலை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களாகப் பார்த்தது. அது நூலக அலமாரிக்காக உருவான முறை. இணையக் கடைகளில் விலை, நிறம், அளவு என்று வடிகட்டுவதும் அதே தத்துவம்தான்.

ஈழத் தமிழ் மின்னூலகமான நூலகம் தளத்தில் ஒரு நூலின் பக்கம் ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்ற சில புலங்களோடு நின்றுவிடுகிறது. ஐம்பது புலங்கள் வைத்து நாற்பதை வெறுமையாக விடும் படிவத்தைவிட இது மேல். ஊர்ப்பதிவு தொடங்குபவர்கள் முதலில் வைக்க வேண்டிய புலங்கள் மூன்று: நிலையான அடையாள எண், மாற்றுப் பெயர்கள், ஒவ்வொரு தொடர்புக்கும் தொடக்க, முடிவு ஆண்டு. மற்றவற்றைப் பிறகு சேர்க்கலாம். இந்த மூன்றையும் பிறகு சேர்ப்பது பெரும்பாடு.