காட்டுத் தேனும் நகரத்து அடுப்பும்: நியூரம்பர்க் லேப்கூகென் உருவான வழி

ஜெர்மானியர் கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் உண்ணும் லேப்கூகென் என்ற பண்டத்தை ஆங்கிலேயர் இஞ்சி ரொட்டி என்று சொல்ல, நாமும் அதன் வரலாற்றை மசாலாவிலிருந்தே தொடங்கப் பழகிவிட்டோம். ஜெர்மனியின் கிழக்கில் வழங்கும் பிஃபெஃபர்கூகென் என்ற பெயரும் மிளகுப் பண்டம் என்றே பொருள்படும். கடல் கடந்து வந்த நறுமணப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் அங்கே மிளகு என்பது பொதுப்பெயராக இருந்தது. இந்தப் பெயர்களின் போக்கில்தான், வெனிஸ் வழியாக வந்த மசாலா வணிகமே நியூரம்பர்க்கை லேப்கூகெனின் தலைநகராக்கியது என்ற விளக்கம் நிலைபெற்றது. மசாலா இந்தப் பண்டத்துக்கு மணம் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை ஒரு தனித் தொழிலாக வளர்த்தது தேன் என்பதே இக்கட்டுரையின் வாதம். தேன் எங்கிருந்து வந்தது, எதனோடு சேர்ந்து வந்தது, அதன் இடத்தைப் பிற்பாடு எது பிடித்தது என்று பின்தொடர்ந்தால் மசாலாவால் விளங்காத பலவும் விளங்குகின்றன.

நியூரம்பர்க்கைச் சூழ்ந்திருந்த பேரரசுக் காட்டில் சைட்லர் எனப்பட்ட தேன் எடுப்போர் வாழ்ந்தனர். உயிருள்ள மரங்களின் தண்டில், தரையிலிருந்து நல்ல உயரத்தில், பொந்து குடைந்து தேனீக்களைக் குடியேற்றுவது அவர்கள் தொழில். பேரரசர் நான்காம் சார்லஸ் 1350இல் அவர்களுக்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். சொந்த வழக்குமன்றமும் குறுக்குவில் ஏந்தும் உரிமையும் அவர்களுக்கு இருந்தன. அந்த மன்றம் அருகிலுள்ள ஃபாய்க்ட் என்ற ஊரில் கூடியது. காட்டில் தேன் எடுப்பவனுக்கு ஆயுத உரிமையும் நீதிமன்றமும் தருகிற அரசு, அந்தத் தேனை அற்பமாக எண்ணியிருக்க முடியாது. பேரரசின் தேனீத் தோட்டம் என்று இக்காடு பெயர் பெற்றதும் அதனால்தான். நியூரம்பர்க்கில் லேப்கூகென் சுடுபவர் பற்றிய ஆவணக் குறிப்பு 1395இல் கிடைக்கிறது. பட்டயத்துக்கும் அதற்கும் அரை நூற்றாண்டுகூட இடைவெளியில்லை. தேனடையின் மதிப்பில் பெரும்பங்கு மெழுகுக்கு உரியது என்பதையும் மறக்கக் கூடாது. தேவாலயங்களுக்கு ஆண்டு முழுவதும் மெழுகுவர்த்தி வேண்டும். மெழுகு தொலைவூர்களுக்கு விலைபோனது. தேனோ பீப்பாயில் கனத்துத் தேங்கியது. தேனை மாவோடு சேர்த்துச் சுட்டால் அது கெடாத, கட்டி அனுப்பக்கூடிய சரக்காகிவிடுகிறது. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் லேப்கூகென் சுடுவதும் மெழுகுவர்த்தி வார்ப்பதும் ஒரே குடும்பத் தொழிலாக நெடுங்காலம் இருந்ததை வேறு எப்படி விளக்குவது?

பண்டத்தின் செய்முறையே இதற்கு இன்னொரு சான்று. தேன் செறிந்த மாவில் ஈஸ்ட் எளிதில் வேலை செய்யாது. ஆகவே சூடான தேனில் மாவைப் பிசைந்து வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், குளிர்ந்த அறையில் கிடத்தி வைப்பார்கள். அந்த இடைவெளியில் மாவில் மெல்லப் புளிப்பு ஏறும். சுடுவதற்கு முன் பொட்டாஷ் சேர்த்தால் புளிப்பும் காரமும் வினைபுரிந்து எழும் வாயு மாவை உப்ப வைக்கும். அந்தப் பொட்டாஷ் மரச்சாம்பலிலிருந்து எடுப்பது. தேனும் சாம்பலும் அடுப்பு விறகும் ஒரே காட்டின் கொடை. சுட்ட பிறகும் தேன் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், கல்லாக வெளிவரும் பண்டம் நாள்பட மிருதுவாகிறது, மாதங்கள் தாங்குகிறது. மசாலாவை நீக்கினால் இது மணமில்லாத லேப்கூகென் ஆகும். தேனை நீக்கினாலோ மாவு பிசைவதிலிருந்து எல்லாமே மாறிவிடும்.

மசாலாவின் பக்கம் நிற்போர் வலுவான மறுப்பொன்றைச் சொல்ல முடியும். நியூரம்பர்க் வணிகர்கள் வெனிஸில் காலூன்றியவர்கள். 1505இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துகீசியக் கப்பல்களில் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகெல் ஆகிய நியூரம்பர்க் குடும்பங்களும் முதலீடு செய்தன. மலபார் மிளகும் இலங்கைப் பட்டையும் கைக்கெட்டும் தொலைவில் இருந்த நகரம் மசாலாப் பண்டத்தில் சிறந்ததில் வியப்பென்ன என்று கேட்கலாம். ஆனால் அதே கப்பல்களில் பணம் போட்ட வெல்சர், ஃபுக்கர் குடும்பங்கள் ஆக்ஸ்பர்க் நகரைச் சேர்ந்தவை. மிளகுச் செல்வத்தில் ஆக்ஸ்பர்க் சளைத்ததன்று. ஆயினும் லேப்கூகென் அதன் அடையாளமாகவில்லை. உல்ம் நகரில் இப்பண்டத்தின் பெயர் 1296லேயே பதிவாகியிருக்கிறது. முந்திக்கொண்ட அந்த ஊருக்கும் இந்தப் புகழ் வாய்க்கவில்லை. மசாலா எடை குறைந்தது, விலை மிகுந்தது, எந்த ஊருக்கும் போய்ச் சேரும். ஊருக்கு ஊர் வேறுபட்டது தேன்தான்.

அப்படியானால் தேன் தளர்ந்த பிறகும் நியூரம்பர்க் எப்படி நீடித்தது? இதுவே என் வாதத்துக்கு எதிரான மிகக் கடினமான கேள்வி. நகரம் 1525இல் லூத்தரின் சமயத்தைத் தழுவியது. வழிபாட்டு மெழுகுக்கான தேவை சுருங்கியது. காடும் நகரத்தின் உலைகளுக்கு விறகும் கரியும் ஈந்து களைத்திருந்தது; நகர வணிகர் பேட்டர் ஸ்ட்ரோமர் 1368லேயே அங்கு ஊசியிலை மர விதைகளைத் தூவி வளர்க்க வேண்டியிருந்தது. இந்தச் சூழலில்தான் 1643இல் லேப்கூகென் சுடுவோர் ரொட்டி சுடுவோரிடமிருந்து பிரிந்து தனித் தொழிலினராயினர். இதைத் தன்னாட்சி பெற்ற கைவினைச் சங்கத்தின் பிறப்பாகக் கொள்வது முழுச் சரியன்று. 1348–49 கைவினைஞர் கலகத்துக்குப் பின் நியூரம்பர்க் அத்தகைய சங்கங்களுக்கு இடம் தரவில்லை. தொழில்களின் விதிகளை நகர மன்றமே வகுத்தது. இயற்கை தந்த சலுகை தேயத் தொடங்கியபோது விதி அதன் இடத்துக்கு வந்தது என்று நான் இதைப் படிக்கிறேன்.

தேன் போனால் பண்டம் எவ்வளவு மாறும் என்பதை ஆகன் நகரம் காட்டுகிறது. அங்குள்ள பிரின்டென் மர அச்சில் அழுத்தி உருவம் எடுத்த பண்டம். நெப்போலியன் 1806இல் பிரிட்டனுக்கு எதிராக விதித்த வணிகத் தடையால் கடல் கடந்த சர்க்கரைக்கு வழி அடைபட்டது. ஆகன் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பீட் கிழங்கில் சர்க்கரை இருப்பதை ஜெர்மானிய வேதியியலாளர் மார்க்கிராஃப் 1747இல் கண்டறிந்திருந்தார். அந்தக் கிழங்கின் பாகு தேனின் இடத்தில் ஆகன் அடுப்புகளுக்கு வந்தது. பாகு சேர்ந்த மாவு இறுகிப்போய் அச்சின் நுணுக்கத்தை ஏற்கவில்லை. வெறும் நீள்துண்டுகளாக வெட்டிச் சுடும் வழக்கம் வந்தது. அந்த எளிய நீள்துண்டைத்தான் இன்று ஆகனின் மரபு வடிவம் என்று கொண்டாடுகிறார்கள். மசாலா மாறாமலே உருவம் மாறியது, மாற்றியது இனிப்பு.

நியூரம்பர்க் சென்ற வழி வேறு. அங்கே மாவு குறைந்து கொட்டைப் பருப்பு ஏறியது. மாவு குறைந்த கலவை அடுப்பில் பரவி ஒட்டிக்கொள்ளும். அதைத் தாங்க, திருப்பலியில் வழங்கும் ஓஸ்தி போன்ற மெல்லிய அப்பத்தட்டு அடியில் வேண்டும். தேன் தந்த மிருதுவைப் பாதாம், ஹேசல்நட், வால்நட் பருப்புகளின் எண்ணெய் தரத் தொடங்கியது. உச்சத் தரமான எலீசன் லேப்கூகெனில் இந்தப் பருப்புகள் குறைந்தது 25 விழுக்காடு இருக்க வேண்டும், மாவு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இன்றைய ஜெர்மன் தர நெறிகள் சொல்கின்றன. இது மரபின் பெயரால் வந்த புதுப்பண்டம், தேனோடு இதற்கு உறவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். தேனின் வேலையைச் செய்ய இன்னொரு பொருளைத் தேட வேண்டியிருந்ததே அந்த உறவு. 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் நியூரம்பர்க் லேப்கூகெனுக்குப் புவிசார் குறியீடு அளித்தது. அதன்படி பண்டம் நகர எல்லைக்குள் சுடப்பட வேண்டும். தேனும் பருப்பும் எங்கிருந்து வந்தாலும் தடையில்லை. சைட்லரின் கருவிகளோ இன்று ஃபாய்க்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் பழைய செய்முறை வேறோரிடத்தில் நீடிக்கிறது: சாக்சனியின் புல்ஸ்னிட்ஸில் 1558 முதல் பிஃபெஃபர்கூகென் சுடும் உரிமை பெற்ற தொழில் தொடர்கிறது. அங்கே மாவு இன்றும் வாரக்கணக்கில் கிடத்தப்பட்டே அடுப்புக்குப் போகிறது.