மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பெற்றோர் எடைபோடுவது எதை?

1. பொருளும் எல்லையும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசிக்கு இந்தியாவில் 2008இல் உரிமம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் விழுப்புரம், திண்டிவனம் சுற்று வட்டாரத்தில் அதை மகளுக்குப் போட்ட பெற்றோரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். விழிப்புணர்வு இல்லை என்று ஒரே வரியில் இதற்குக் காரணம் சொல்லிவிடுகிறோம். அந்த விடை பாதிதான் சரி. பெற்றோருக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது. தெரிந்தும் எடைபோட்டுத் தள்ளிவைப்பது நிறைய இருக்கிறது. அந்த எடைபோடலில், யார் வந்து எப்படிக் கேட்டார்கள் என்பது விலைக்குக் குறையாத கனமுடையது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. நோயும் நிலமும்

குளோபோகான் என்ற உலகப் புற்றுநோய்த் தரவுத்தளத்தின் 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. 80,000 பேர்வரை இறக்கிறார்கள். தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிந்து, 2019இல் கள்ளக்குறிச்சியைத் தனியே விட்ட விழுப்புரம் மாவட்டம் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் நிலம். இங்கே நோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வெளியே தெரிகிறது. அப்போது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அலைச்சல் தொடங்குகிறது. ‘ஜிப்மர்ல கரண்ட் வெக்கிறாங்க’ என்று ஊரில் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையைத்தான்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், இந்நோய்க்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்ட 30–49 வயதுப் பெண்கள் தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு; இந்தியா முழுவதும் 1.9 விழுக்காடுதான். நாட்டோடு ஒப்பிட்டுப் பெருமைப்படலாம். ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் நமக்கு முக்கியம். மகளுக்காக முடிவெடுக்க வேண்டிய தாய்மாரில் பத்துக்கு ஒன்பது பேர் தமக்கே இந்தச் சோதனையைச் செய்துகொண்டதில்லை. தன் உடம்புக்குக் கேட்காததை மகளுக்குக் கேள் என்கிறோம்.

3. விருப்பத்தை அளக்கும் முறை

‘ஊசி போடுவீர்களா’ என்று நேராகக் கேட்டால், கேட்பவர் மனம் கோணக்கூடாதென்று பலரும் ‘போடுவோம்’ என்றுவிடுவார்கள். அதனால் ஆய்வாளர்கள் தெரிவுச் சோதனை என்ற முறையைக் கையாள்கிறார்கள். இரண்டு அட்டைகள். ஒன்றில் இலவசம், பள்ளியில், இரண்டு டோஸ். மற்றதில் கட்டணம், தனியார் மருத்துவமனையில், ஒரே டோஸ். எது வேண்டும்? கூறுகளை மாற்றி மாற்றிக் கேட்கும்போது, ஒன்றைப் பெற மற்றொன்றில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது எண்ணாகக் கிடைக்கும். இதற்கான கணித அடிப்படையை அமைத்த டேனியல் மெக்ஃபேடன் 2000ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

நல்ல முறைதான். ஒரு குறை உண்டு: அட்டையில் எழுதாத கூறை அது அளக்காது. விலை, டோஸ், பாதுகாப்பு நீடிக்கும் காலம், பக்கவிளைவு ஆகியவை எழுதச் சுலபம். ஒப்புதல் சீட்டை நீட்டியவர் தெரிந்தவரா, சந்தேகம் கேட்க இடம் கொடுத்தாரா என்பது எளிதில் அட்டையில் அடங்காது.

4. எடைபோடப்படுபவை

4.1 பணமும் டோஸும்

சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் என்ற எச்.பி.வி. தடுப்பூசி 2022 ஜூலையில் ஒப்புதல் பெற்று, 2023 ஜனவரியில் வெளியானது. அப்போது டோஸ் சுமார் 2,000 ரூபாய். 9–14 வயதில் தனியாரிடம் வழக்கமான இரண்டு டோஸுக்கு 4,000. நூறு நாள் வேலையில் 2024–25க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 319 ரூபாய். பன்னிரண்டு நாள் கூலிக்கும் மேலே போகிறது. இரண்டு பெண் பிள்ளைகள் என்றால் இரட்டிப்பு. இருபது ஆண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம் என்ற நோய்க்கு இந்தப் பணத்தை எடுத்துவைக்காத பெற்றோரை அறியாதவர் என்பது நியாயமல்ல. இரண்டாவது டோஸுக்கு ஆறு மாதம் கழித்து இன்னொரு நாள் வேலையை விட வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும்.

4.2 வயது

தடுப்பூசி எச்.பி.வி. வைரஸ் தொற்றுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும், அதனால்தான் 9–14. அந்தத் தொற்று உடலுறவால் பரவுவது என்ற இடத்தில்தான் பேச்சு நின்றுவிடுகிறது. வயசுக்கு வந்த பெண்ணைப் பற்றி அந்தக் கோணத்தில் யாரும் பேசுவதைப் பெற்றோர் விரும்புவதில்லை. நாளைக்குக் குழந்தை பிறப்பதில் கோளாறு வருமோ என்ற பயமும் கூடவே வரும். அதனால் ‘கேன்சர் ஊசி’ என்று சொல்லிக் கடந்துவிடுவது வசதியாகத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதியை மறைத்தால், மீதியை வாட்ஸ்அப் சொல்லும். அது சொல்லும் விதம் வேறு. நோய் திருமணத்துக்குப் பின் வரும் தொற்றாலும் வரலாம், காப்பை முன்கூட்டியே போடுகிறோம் என்று தாயிடம் தனியே சொன்னால் புரியாத விஷயம் இல்லை.

4.3 ஆள்

‘அவங்க அப்பாவக் கேட்டுச் சொல்றேன்’ என்பார் தாய். தந்தையைக் கேட்டால், ‘அவங்க அம்மாதான் பாத்துக்கணும்’. இந்த இழுபறியை முடித்துவைப்பது மூன்றாமவர் ஒருவரின் சொல். பிரசவத்துக்கு அழைத்துப் போன கிராம சுகாதார செவிலியர், வகுப்பாசிரியை, ஏற்கெனவே போட்டுக்கொண்ட அண்டைவீட்டுப் பெண்ணின் அம்மா, இவர்களில் ஒருவர். பத்து வயதில் பள்ளியில் போடும் டி.டி. ஊசிக்கு இத்தனை யோசனை இல்லை. அது பழகிய ஊசி, பழகிய ஆள்.

5. கேட்காமல் போட்டதன் விலை

2009இல் பாத் என்ற அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. சில சிறுமிகளின் மரணங்கள் செய்தியாகி, 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. மரணங்களுக்கு ஊசி காரணமென விசாரணை காணவில்லை. ஆனால் வேறொன்று வெளிவந்தது: ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகச் சாடியது. ஊசி தப்பித்தது; ஊசி போட்ட விதம் தப்பவில்லை. பெற்றோரைக் கேட்க ஒரு வாரம் கூடுதலாகச் செலவழித்திருந்தால், ஒரு தலைமுறைச் சிறுமிகளுக்கு இந்தத் தாமதம் நேர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அதே அலையில், தொடர்பில்லாத இன்னொரு ஆய்வும் நிறுத்தப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பல ஊர்களில் நடத்திய அதில், திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் ஒரு மையம். இரண்டு டோஸா மூன்றா என்று பார்க்கத் தொடங்கியது அது. பாதியில் நின்றதால் ஏறத்தாழ ஐயாயிரம் பெண்களுக்கு ஒரே டோஸோடு முடிந்தது. பத்தாண்டு தொடர்ந்து பார்த்து 2021இல் வெளியான முடிவு: எச்.பி.வி. வைரஸின் 16, 18 வகைகளால் வரும் நிலைத்த தொற்றைத் தடுப்பதில் ஒரு டோஸ் 95 விழுக்காடு பலன் தந்தது, மூன்று டோஸுக்கு இணை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸை ஏற்றதற்குத் துணைநின்ற சான்றுகளில் இது முக்கியமான ஒன்று. இதை யாரும் திட்டமிடவில்லை.

தமிழ்நாட்டுக்கும் சொந்தத் தழும்புகள் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூரில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்ததும், கிராமத்திலேயே ஊசி போடுவது நின்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறியது. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியால் பள்ளிகளில் பெற்றோர் மறுக்க, முகாமின் கெடுவை நீட்டிக்க நேர்ந்தது. நகரத்துப் படித்த பெற்றோரும் மறுத்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

6. திட்டத்துக்கான விளைவுகள்

2025–26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை, 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இத்தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. விலை என்ற கூறு இதோடு அட்டையிலிருந்து விழுகிறது. ஒரே டோஸ் என்றால் வேலையிழப்பும் குறைகிறது. மிச்சமிருப்பது இடமும் ஆளும். ஒன்பதாம் வகுப்புச் சிறுமியின் பையில் ஒப்புதல் கடிதத்தை வைத்து அனுப்பினால் கையெழுத்து வரும். யாருடைய கையெழுத்து என்பதுதான் கேள்வி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் செவிலியரே நின்று பேசி, ஊசி போட்ட மறுநாளும் பள்ளிக்கு வருவதாகச் சொல்லி, கடிதத்தில் தன் கைப்பேசி எண்ணை எழுதுவது செலவில்லாத ஏற்பாடு. மறுக்கும் பெற்றோருக்கு அடுத்த மாதமும் கதவு திறந்திருக்க வேண்டும். இப்போது தள்ளிப்போடுவதை நிரந்தர மறுப்பாகப் பதிவேட்டில் எழுதக்கூடாது.

பள்ளி வழி எல்லாரையும் எட்டாது. திண்டிவனம், விழுப்புரம் வட்டங்களில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் இருளர் பிள்ளைகளில், 14 வயதில் வகுப்பறையில் இருக்கும் பெண்கள் குறைவு. அவர்களுக்கான பட்டியல் தலைமையாசிரியரிடம் இல்லை. ஊர் ஊராகப் போகும் செவிலியரின் பதிவேட்டிலிருந்து தயாரிக்க வேண்டும், அதுவும் சூளை வேலை நிற்கும் மழைக்காலத்தில், குடும்பங்கள் ஊரில் இருக்கும்போது.